முளைகட்டிய நெல்

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டுவிட்டு அடித்து ஓய்ந்த ஒரு காலையில், கொள்முதல் நிலையத்து வாசலில் படுதா போட்டு மூடிக் கிடந்த குறுவை நெல் அம்பாரத்துக்குள் சித்தப்பா மகன் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளி, "தொட்டுப் பாருங்கண்ணே" என்று நீட்டினான். நெல் வெதுவெதுவென்று இருந்தது, நுனியில் வெள்ளையாக முளை விட்டிருந்தது, சிலவற்றில் வேர் சுருண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, விரலை அகட்டினாலும் உதிராமல் கட்டியாகத் தொங்கியது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள், டெல்லியிலிருந்து தளர்வு உத்தரவு வந்தால் கொஞ்சம் கூடுதலாக எடுப்பார்கள், அதற்கு ஒரு குழு வரவேண்டும், மாதிரி எடுக்கவேண்டும், எல்லாம் முடிவதற்குள் நெல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு முளைத்துவிடுகிறது. படுதாவை அவன் இன்னும் கொஞ்சம் தூக்கினான், உள்ளிருந்து ஆவி எழுந்து முகத்தில் அடித்தது, புளிப்பும் இனிப்புமாய், ஈர வைக்கோலும் கள்ளும் கலந்த ஒரு வாசனை, சுற்றி நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், எனக்கோ அந்த இடத்தில் வரக்கூடாத ஒரு சந்தோஷம் வந்தது, ஏனென்றால் சின்ன வயதில் இதே வாசனை எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் எழும், எழுந்த அன்றைக்கு வீடே கல்யாண வீடு.

தாத்தா விதைநெல்லைச் சாக்கில் கட்டிக் குளத்தில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஊறப்போடுவார், பிறகு கரையேற்றித் தண்ணீரை வடியவிட்டு, கொட்டகை மூலையில் வைக்கோலைப் பரப்பி அதில் மூட்டையைக் கிடத்தி, மேலேயும் வைக்கோல் போட்டு மூடி, கனத்துக்கு ஒரு பலகையை ஏற்றிவைப்பார். மறுநாள் கருக்கலில் அரிக்கேன் விளக்கோடு போய், பலகையை நகர்த்தி, கையை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பார், நாலைந்து மணியை உள்ளங்கையில் போட்டு விளக்குக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சுருக்குவார், "மூக்கு விட்டிருக்கு" என்பார், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அப்பாயி காப்பித் தண்ணியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருப்பாள். முளை நீண்டுவிட்டால் தெளிக்கும்போது ஒடியும், பற்றாவிட்டால் சேற்றில் அழுகும், சரியான பதம் அரைநாள்தான் நிற்கும், அந்த அரைநாளுக்குள் நாற்றங்கால் சேறடித்துத் தயாராக இருக்கவேண்டும், அதற்கு முன்னால் ஆள் வந்திருக்கவேண்டும், அதற்கும் முன்னால் ஆற்றில் தண்ணீர் வந்திருக்கவேண்டும். நெல் முளைப்பதைத் தாத்தா ஒரு நாளும் அதன் இஷ்டத்துக்கு விட்டதில்லை, இப்போது படுதாவுக்குள் அது தன் இஷ்டத்துக்கு முளைத்துக் கிடந்தது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரி கடலுக்குப் போகிற வழியில் இளைத்துச் சலித்து வந்துசேரும் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி திறந்தார்கள் என்றால் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, அதிலிருந்து பிரிந்த ஆறுகளில் இறங்கி, எங்கள் வாய்க்காலைத் தொடுவதற்கு வாரக்கணக்காகும். தாத்தா மேட்டூரைக் கண்ணால் பார்த்தவரில்லை, ஆனால் 1934இல் கட்டி முடித்த அந்த அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று எந்த நேரத்தில் கேட்டாலும் சொல்வார், பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியைத் தாண்டி, நூல் கட்டிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றையும் வாய்விட்டுப் படிப்பார், முழுக்கொள்ளளவு 120 அடி என்பது அந்த வீட்டில் குழந்தைகளுக்கும் மனப்பாடம். புதுத்தண்ணி எங்கள் மதகைத் தொட்ட தேதியைக் கொல்லைக் கதவின் உட்புறத்தில் காவிக்கட்டியால் எழுதுவார், ஒரு வருஷத்துக்குக் கீழே இன்னொரு வருஷம், பக்கத்தில் முதல் மழை, தலைப்பனி, குயில் கூவியது என்று அவருக்கு மட்டும் புரிகிற சில குறிகள். வீட்டை இடித்துக் கட்டியபோது கதவு பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது, தேக்குக்கு நல்ல விலை கிடைத்ததாகச் சித்தப்பா திருப்தியாகச் சொன்னார்.

அந்தக் கதவு இன்றைக்கு இருந்து, தாத்தாவும் இருந்திருந்தால், 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12ஆம் தேதிக்கு எதிரே என்ன எழுதியிருப்பார் என்று யோசிப்பதுண்டு, அந்த எட்டு வருஷமும் அன்றைக்கு அணை திறக்கவில்லை, தண்ணீர் இல்லை. 2022இல் நேர்மாறாக, அணை முன்கூட்டியே நிரம்பி, மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் காத்திருந்து காத்திருந்து ஜூலை 28. இதில் கர்நாடகத்தோடுள்ள வழக்கும் அரசியலும் உண்டு, எல்லாவற்றையும் வானத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை, ஆனால் வானமும் முன்போல் இல்லை என்பதற்குக் கடைமடைக்காரனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் அறுப்புக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்து படுத்தது, பொங்கல் கழிந்து களத்தில் நெல் காயவேண்டிய நாளில் வரப்பு தெரியாமல் தண்ணீர் நின்றது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்கிறது அறிவியல், தாங்கியதை அது எங்கே, எப்போது இறக்கிவைக்கும் என்பதுதான் இப்போது யாருக்கும் பிடிபடுவதில்லை.

மேட்டூரை நான் போய்ப் பார்த்தேன், தாத்தா போன பிறகு, ஒரு வறண்ட கோடையில். பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் நன்றாக இறங்கி, மூழ்கிப்போன கோயிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே நின்றன, வெடித்த சேற்றில் நடந்துபோய் ஜனங்கள் நந்தியோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஐஸ் விற்கிறவர் நல்ல வியாபாரம் என்றார். திரும்பி அணைப்பக்கம் வந்தபோதுதான் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைச் சரியாகப் பார்த்தேன், 1987இல் தொடங்கிய பழைய நிலையம் 840 மெகாவாட், 2013இல் பக்கத்தில் சேர்ந்த புதியது 600, ரயில் ரயிலாக நிலக்கரி வந்து இறங்குகிறது, அணைத் தண்ணீரைக் குடித்துத்தான் அதுவும் ஓடுகிறது. தாத்தா ஆயுசு முழுக்கப் பேப்பரில் தேடிய அந்தத் தண்ணீரின் தலைமாட்டிலேயே, மழையின் கணக்கைக் குலைக்கிற புகையும் எழுந்துகொண்டிருந்தது, அவருக்குத் தெரிந்திருந்தால் அன்று ராத்திரியே ஒரு கார்டு எழுதியிருப்பார்.

கார்டு எழுதுவது அவருடைய வியாதி என்று அப்பாயி சொல்வாள். சித்திரை பிறந்ததும் திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மையைத் தொட்டுத் தொட்டு, பொதுப்பணித்துறைப் பொறியாளருக்கு ஒன்று, தாசில்தாருக்கு ஒன்று, எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று என்று தொடங்குவார், மேற்படி வாய்க்காலில் இன்ன மதகிலிருந்து இன்ன மதகு வரை காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறது, இன்ன இடத்தில் ஷட்டர் கம்பி இற்றுப்போயிருக்கிறது, தண்ணீர் வருமுன் செய்தால் உபகாரம், வந்தபின் செய்தால் உபத்திரவம் என்று கச்சிதமாக, கோபமில்லாமல், தேதி போட்டு. நகல் எடுத்து வைத்துக்கொள்வார். பதில் வராது, பதினைந்து நாள் பொறுத்து, முந்திய கார்டின் தேதியைக் குறிப்பிட்டு அடுத்தது போகும். கடைசியில் ஒரு நாள் மதகு பார்க்கும் லஸ்கர் சைக்கிளில் வந்து திண்ணையோரம் நின்று, "ஏங்கய்யா, மேல எழுதிப் போட்டீங்களாமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா ஆகாதா" என்று குறைப்பட்டுக்கொள்வார், தாத்தா அவருக்கு மோர் கொடுக்கச் சொல்லி, "உங்கிட்ட சொன்னா நீ செய்வே தம்பி, மேல சொன்னாத்தான் உனக்கு ஆளும் கம்பியும் தருவான்" என்பார். அவர் கட்சிக்காரர் இல்லை, போராளியும் இல்லை, சுற்றுச்சூழல் என்ற சொல்லையே அவர் சொல்லிக் கேட்ட ஞாபகம் எனக்கில்லை. ஷட்டருக்கு ஒரு ஆள், மதகுக்கு ஒரு ஆள், அணைக்கு ஒரு ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எங்கோ ஒரு நாற்காலியில் இருக்கிறார், அவரைக் கண்டுபிடித்து விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும், அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

அந்தக் காலத்தை ரொம்பவும் மெழுகிப் பேசவும் நான் தயாரில்லை. குடிமராமத்து, குடிமராமத்து என்று இப்போது மேடையில் உருகுகிறார்கள், கோடையில் வாய்க்காலில் இறங்கித் தூர் அள்ளியவர்கள் சேரியிலிருந்து வந்தவர்கள், தாத்தா கரையில் குடை பிடித்து நின்றவர், மத்தியானக் கஞ்சி அவர்களுக்குத் தனியாகத்தான் வந்தது, கூலி கேட்ட சேரி ஜனங்களைக் குடிசையோடு கொளுத்திய வெண்மணி இருந்த அதே தஞ்சை ஜில்லா அது. எழுதிய அத்தனை கார்டுகளிலும் மதகு இருக்கிறது, கம்பி இருக்கிறது, மண்வெட்டி பிடித்த கை ஒன்றில்கூட இல்லை. இன்றைக்கும் வெள்ளத்தில் பயிர் போனால் சிட்டா, அடங்கல் பார்த்து நிலத்துக்காரனுக்கு ஏதோ நிவாரணம் வருகிறது, அறுப்பை நம்பியிருந்த கூலிக்காரிக்குப் போன நாள் போனதுதான்.

முளைவிட்ட நெல்லின் வாசனை தாத்தா என்றால், முல்லை வாசனை எனக்கு வேதாரண்யம். ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு முல்லைத் தோட்டம், அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊரும் அந்த வரிசையில் ஒன்று, மணல்பாங்கான பூமி, மொட்டாகவே பறித்துக் கூடையில் கொட்டி, விடிவதற்குள் வியாபாரியிடம் போய்விடும், அதற்குப் பிறகும் திண்ணை, பாய், அத்தையின் விரல் எல்லாவற்றிலும் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும். மாமா உப்பளத்தில் கணக்கு எழுதினார், கோடை விடுமுறைக்குப் போனால் என்னையும் கூட்டிப்போவார், பாத்தி பாத்தியாகக் கண்ணாடி பரப்பின அந்த வெளிச்சத்தில் பத்து மணிக்கு மேல் கண்ணைத் திறக்க முடியாது, அங்கே வேலை செய்த கிழவர்கள் எல்லோருக்கும் கண்ணைச் சுற்றி ஒரே விதமான சுருக்கம் விழுந்திருந்தது. அத்தை 1977 நவம்பர் 12ஆம் தேதிப் புயலைப் பார்த்தவள், அதனால் ஐப்பசி பிறந்தால் சில காரியங்களைத் தவறாமல் செய்வாள், கூரைமேல் கயிறு எறிந்து நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டுவாள், தீப்பெட்டியையும் பத்திரங்களையும் மூடியுள்ள ஒரு பித்தளைத் தூக்கில் போட்டு வைப்பாள், ராத்திரியில் எழுந்து வாசலுக்குப் போய்க் கடல் எந்தப் பக்கமிருந்து இரைகிறது என்று காதைக் கொடுத்து நின்றுவிட்டு வந்து படுப்பாள்.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது அத்தை கான்கிரீட் வீட்டில்தான் இருந்தாள், உயிருக்கு ஒன்றுமில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொல்லையில் மாமரங்கள் வேரோடு மல்லாந்து கிடந்தன, பட்டுக்கோட்டை, பேராவூரணி வழி நெடுகத் தென்னைகள் ஒரே திசையில் தலைசாய்த்துப் படுத்திருந்தன, அத்தை முல்லைப் பந்தலின் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டே, "எழுபத்தேழுல மரம் வச்சா நமக்குக் காய்க்கும்னு இருந்துச்சுப்பா, இப்ப வச்சு யாருக்கு" என்றாள், அழவில்லை. அந்த வருஷம் டிசம்பர் ஆறாம் தேதி, ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்த நெல் ஜெயராமன் காலமானார், புயலில் ஓடு பறந்த வீடுகளில் இருந்தபடிதான் எங்கள் பக்கத்து ஜனங்கள் அந்தச் செய்தியைக் கேட்டார்கள். உப்புநீரைத் தாங்கும் குழியடிச்சானையும், ஆளுயரத்துக்கு வெள்ளம் நின்றாலும் அசராத காட்டுயானத்தையும் அவர் பழம்பெருமைக்காகச் சேர்த்துவைக்கவில்லை, வரப்போவதைத் தெரிந்து சேர்த்துவைத்த மனிதர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இவையெல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ராத்திரி. தாத்தா கோடையிலும் திண்ணையில்தான் படுப்பார், முன்னிரவு எவ்வளவு புழுங்கினாலும் மூன்று மணிக்கு ஒரு காற்று வரும், காலடியில் மடித்து வைத்த துப்பட்டியை அவர் தூக்கத்திலேயே இழுத்துப் போர்த்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இப்போது அந்தத் திண்ணைக்குக் கம்பிக் கதவு போட்டு மோட்டார்சைக்கிள் நிறுத்துகிறார்கள், உள்ளே ஏ.சி. ஓடுகிறது, அதன் சுடுமூச்சு கொல்லைப்புறத்தில் இறங்குகிறது, மூன்று மணிக்காற்று வந்ததா இல்லையா என்று பார்க்க வெளியே ஆளில்லை. நெல்லுக்கு ஏ.சி. கிடையாது, பகலில் சமைத்ததை அது ராத்திரிப் புழுக்கத்தில் மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துப் பண்ணையில் 25 வருஷ வானிலைப் பதிவுகளையும் வயல் சோதனைகளையும் வைத்து 2004இல் வெளியான ஆய்வு, வறண்ட பருவப் பயிர்க்காலத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி ஏறியபோது மகசூல் 10 சதவீதம் இறங்கியது என்று கண்டது.

இதைச் சொன்னால் படித்தவர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள், அமெரிக்காவும் சீனாவும் திருந்தாமல் நாம் என்ன செய்தும் பயனில்லை என்பது ஒன்று, எல்லாம் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொன்று, இரண்டுமே கார்டு எழுதாமல் இருப்பதற்கான காரணங்கள். நான் கண்ணால் பார்த்தது வேறு. மன்னார்குடி வட்டாரத்தில் நிலத்தடி மீத்தேன் எடுக்க வந்தபோது இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், 2013 டிசம்பர் கடைசியில் அந்தப் பிரசாரத்துக்கு நடுவேதான் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் கண்ணை மூடினார், திட்டம் நின்றது. 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது, முன்பே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை அது தொடாமல் விட்டது பெரிய ஓட்டைதான், ஆனாலும் 2023 ஏப்ரலில் வடசேரி நிலக்கரிப் பகுதி ஏலப் பட்டியலில் இருப்பது தெரிந்து ஊரும் சட்டசபையும் ஒரே குரலில் கத்தியபோது, சில நாட்களிலேயே அதை எடுத்துவிட்டார்கள். கேட்டால் நடக்கிறது, கேட்கிறவர்கள் நிறையப் பேராக இருந்து, விடாமல் கேட்டால்.

ஆனால் பூமிக்கடியில் இருக்கும் மீத்தேனை எடுக்கவிடமாட்டோம் என்று மறியல் செய்த நாங்களே, தண்ணீர் கட்டிய வயலிலிருந்தும் அதே மீத்தேன் கிளம்புகிறது என்றால் முறைக்கிறோம். சித்தப்பா மகன்கூட முறைத்தான். வேளாண்மைத்துறைக்காரர்கள் சொல்கிற காய்ச்சலும் பாய்ச்சலும் புது வித்தை இல்லை, முறை வைத்துத் தண்ணீர் வந்த காலத்தில் தாத்தா வேறு வழியில்லாமல் செய்ததுதான், வயலில் துளை போட்ட ஒரு குழாயைப் பதித்து, உள்ளே தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும், தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் கணிசமாகக் குறையும். "அடுத்தவன் மடையைத் தொறந்து வுட்டுட்டு, நான் மட்டும் காயப்போடவாண்ணே" என்றான் அவன், அதுவும் நியாயம்தான், ஒரு மதகுக்குக் கீழே உள்ள அத்தனை பேரும் சேர்ந்து செய்தால்தான் அது நடக்கும், சேர்த்துவைக்க ஆள் வேண்டும், மிச்சப்படுத்திய தண்ணீர் கடைமடைக்கு வந்துசேரும் என்று அதிகாரி எழுதிக் கொடுக்கவேண்டும்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டில் உட்கார்ந்து மனு எழுதினோம், மாதக் கடைசியில் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர் கூட்டம், நவம்பர் 1ஆம் தேதி கிராம சபை, இரண்டுக்கும் ஒரே மனு. கொள்முதல் நிலையத்துக்குக் கூரை போட்ட களமும் நெல் உலர்த்தும் இயந்திரமும் ஐப்பசிக்கு முன்னால் வேண்டும், தூர்வாருவது தண்ணீர் திறப்பதற்கு முன் முடியவேண்டும், உப்புநீர் ஏறும் நிலத்துக்குக் குழியடிச்சான் விதை வேண்டும், மேட்டூரின் பழைய அனல்மின் நிலையத்தை எந்த வருஷம் மூடப்போகிறீர்கள் என்று தேதி சொல்லவேண்டும். கடைசியைப் பார்த்து அவன் சிரித்துவிட்டான், "கரிய பத்தி கலெக்டர்கிட்ட எப்புடிண்ணே." மாவட்டத்துக்கு மாவட்டம் காலநிலை மாற்ற இயக்கம் வைத்து, கலெக்டரைத்தான் அதற்கு இயக்குநராகப் போட்டிருக்கிறார்கள், அவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது, மேலே அனுப்பட்டும் என்றேன். சரி என்று நகல் எடுக்க எழுந்தான். வாசலில், நிலையத்திலிருந்து திரும்பக் கொண்டுவந்து கொட்டிய முளைத்த நெல்லை மாட்டுக்கென்று முறத்தில் அள்ளிக்கொண்டிருந்த பெண், முந்தின நாள் அந்த நெல்லைக் கிளறிக் காயவைக்க வந்து மழையால் பாதியில் திரும்பியவள், என்ன எழுதுகிறோம் என்று கேட்டாள், படித்துக் காட்டினேன். "நனைஞ்ச நெல்லுக்குக் கேட்டிருக்கீங்க, நனைஞ்ச நாளுக்கு எங்க கூலி யாரு தருவா, அதையும் எழுதுங்க தம்பி" என்றாள். இடமில்லை, வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினோம், அதை இரண்டாவதாகப் போட்டு, மற்றதற்கெல்லாம் எண் மாற்றி, அவளிடமும் அவளோடு வேலை செய்கிறவர்களிடமும் கையெழுத்து வாங்கி முடிக்க ராத்திரி ஒன்பதாகிவிட்டது.